பிளாக்செயினுக்கு முன்னால் கடைத் தராசு

ஐரோப்பாவுக்கு டயரோ கையுறையோ அனுப்பும் கம்பெனிகள், ரப்பர் எந்தத் தோட்டத்தில் வெட்டியது என்று கேட்கத் தொடங்கியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த காடழிப்புக்கு எதிரான சட்டம்தான் காரணம். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்து உண்டாக்கிய நிலத்து ரப்பர் அங்கே விற்கக் கூடாது. நிலம் எங்கே இருக்கிறது என்பதற்கு அட்சரேகை, தீர்க்கரேகை கொடுக்க வேண்டும். அமலாக்கத் தேதியைத் தள்ளித் தள்ளி வைத்தும் கேள்வி ஓயவில்லை. பலர் சேர்ந்து வைத்திருக்கும் கம்ப்யூட்டர் பேரேடான பிளாக்செயின் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சும் கூடவே வருகிறது.

எழுதியதைப் பிறகு யாரும் சத்தமில்லாமல் மாற்ற முடியாமல் பார்த்துக்கொள்வதுதான் பிளாக்செயினின் வேலை. எழுதியது உண்மையா என்று அதற்குத் தெரியாது. கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்திலோ அருமனையிலோ, ரப்பர் பாலை உறையவைத்துத் தகடாக்கிய ஷீட்டை வாங்கும் ஒரு கடையைப் பாருங்கள். பலர் கொண்டுவரும் ஷீட்டை கிரேடு பார்த்து, எடை போட்டு, ஆர்எஸ்எஸ் 4 (புகைபோட்ட ஷீட்டின் ஒரு தரம்) எல்லாம் ஒரே அட்டியில், அதாவது அடுக்கில், போட்டாயிற்று. அந்த நிமிடமே எது யாருடையது என்ற கணக்கு முடிந்தது. ஆகவே பதிவு தராசில் நடக்க வேண்டும், அட்டிக்குப் போகும் முன்: நிலத்தின் குறியீடு, கிரேடு, எடை, லாட் எண் (சேர்த்து அனுப்பும் தொகுதியின் எண்). இந்த நான்கு போதும். லாட்டைச் சின்னதாக, ஒரு லோடுக்கு மேல் போகாமல் வையுங்கள். ஊர் தெரியாத ஷீட் கொஞ்சம் கலந்தாலும் அந்த லாட் முழுவதையும் ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியாது.

நிலத்தைக் குறிப்பது கேட்க லேசு. 4 ஹெக்டேருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 9.88 ஏக்கருக்கு மேல் இருந்தால் எல்லை முழுவதும் வரைய வேண்டும். அதற்குக் கீழே ஒரு புள்ளி போதும், ஆறு தசம இடங்களோடு. நம் மாவட்டத்தின் சிறு தோட்டங்களுக்கு ஒரு புள்ளியே வரும். ஆனால் ரப்பர் இலை மூடிய தோட்டத்துக்குள் போன் ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டும். சரி, ரோட்டோரம் நின்று எடுப்போம் என்றால் புள்ளி அடுத்தவர் நிலத்தில் விழும். இலை உதிரும் மாதங்களில், மரங்களுக்கு நடுவே நின்று, சில நிமிடம் பொறுத்து எடுப்பது நல்லது. இன்னொரு வினோதமான தப்பு: கூகுள் மேப் அட்சரேகையை முதலில் தரும், நிலப்புள்ளிகளை எழுதிவைக்கும் ஜியோஜேசான் கோப்பு தீர்க்கரேகையை முதலில் கேட்கும். மாற்றிப் போட்டால் 8.37, 77.30 என்ற குலசேகரத்துத் தோட்டம் ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டுக்கு மேற்கே கடலில் மிதக்கும். புள்ளி மாவட்ட எல்லைக்குள் இருக்கிறதா என்று செயலியே சோதித்துவிட்டால் வேலை மிச்சம்.

அடுத்தது, ஒரு நிலத்தின் குறியீட்டில் ஆண்டுக்கு எவ்வளவு ஷீட் ஏற்றலாம் என்ற உச்சவரம்பு. ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஒன்றரை டன் என்று வைத்தால் 50 சென்ட் நிலத்தில் 300 கிலோ கிடைக்கும். நல்ல மரம், நல்ல வெட்டு என்று தாராளமாக 500 கிலோ வரை விடலாம். அதே குறியீட்டில் 900 கிலோ ஏறியிருந்தால் வேறு யாருடைய ஷீட்டோ அந்தப் பெயரில் வந்திருக்கிறது. வரம்பை ஆளுக்கு வைக்காதீர்கள், நிலத்துக்கு வையுங்கள்: பங்குக்கு வெட்டும் இடத்தில் வெட்டுக்காரர் தன் பங்கை வேறு கடையில் போடுவார்.

எடையில்தான் மென்பொருள்காரர்கள் சறுக்குகிறார்கள். வாங்கும்போது ஒரு எடை. புகை போதாத ஷீட் என்றால் ஈரம் இறங்கி, லாரியில் ஏற்றும்போது குறைந்த எடை. இரண்டும் கிராம் சுத்தமாகப் பொருந்த வேண்டும் என்று ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (பதிவைத் தானே சோதிக்கும் நிரல்) அடம்பிடித்தால், கடைப் பையன் பொருந்துகிற எடையைத் தட்டிவிடுவான். அப்புறம் அந்தப் பொய் நிரந்தரம். கடையின் பழைய பில்களிலிருந்து எடைக்குறைவைக் கணக்கிட்டு அந்த அளவுக்கு விட்டுக்கொடுங்கள். தவறிய பதிவை அழிக்க முடியாது. எதிர்ப்பதிவு ஒன்று போட்டுச் சரிக்கட்ட வேண்டும், நாள்வழிக் கணக்கில் செய்வதுபோல.

கட்டுகள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க டால்க் பூசினால் க்யூஆர் ஸ்டிக்கர் அதில் நிற்காது. கட்டிய அட்டைதான் நிற்கும். பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில், ஒரே பதிவு இரண்டு தடவை ஏறாமலிருக்க ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஒரு தனி எண் உருவாக வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் ஒட்டுபால், அதாவது வெட்டிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிய ரப்பர், கைக்கு அடங்காது. பைக்கில் வந்து வீடு வீடாக வாங்கிப்போகும் சரக்கு அது. கட்டி ரப்பர் (பிளாக் ரப்பர்) செய்யும் ஆலையில் கழுவி அரைத்துக் கலக்கும் பொருள். ஷீட்டை முதலில் முடியுங்கள்.

விவசாயியின் பெயர், போன் நம்பர், பட்டா விவரம் எதையும் பிளாக்செயின் சங்கிலியில் ஏற்றாதீர்கள். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அழிக்கச் சொல்லும் உரிமை தருகிறது. சங்கிலி அழிக்க விடாது. ஏற்றுவது போன் நம்பரின் ஹேஷ்தானே (நம்பரிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை மாதிரியான குறி) என்றும் இருக்க வேண்டாம். 6 முதல் 9 வரை தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தம் 400 கோடி. கம்ப்யூட்டர் அத்தனையையும் போட்டுப் பார்த்துச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். சால்ட் எனும் ரகசிய எழுத்துக்கோவை ஒன்றைச் சேர்த்து ஹேஷ் எடுங்கள்.

மென்பொருளாக, அனுமதி பெற்றவர்கள் மட்டும் சேரும் பிளாக்செயினான ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் தாராளமாகப் போதும். பதிவுகளை வரிசைப்படுத்தும் நோடுகள் (கம்ப்யூட்டர்கள்) மூன்று வைத்தால் ஒன்று விழுந்தாலும் ஓடும், ஐந்து என்றால் இரண்டு. ஆனால் மூன்றும் ஒரே ஆலையின் கிளவுட் கணக்கில் இருந்தால் அது விலை கூடிய டேட்டாபேஸ், வேறொன்றுமில்லை. கடைகளின் கூட்டமைப்பு, ஆலை, வாங்கும் கம்பெனி என்று ஆளுக்கொன்று வைத்தால்தான் பொருள் உண்டு. கப்பல் கம்பெனி மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் 2018-ல் தொடங்கிய, சரக்குப் போக்குவரத்துக்கான பிளாக்செயின் தளமான டிரேட்லென்ஸ் 2023-ல் மூடப்பட்டதும் தொழில்நுட்பக் கோளாறால் அல்ல, துறை முழுவதும் ஒன்றுசேராததால். அப்படிச் சேர ஆள் இல்லையென்றால் போஸ்ட்கிரஸ் என்ற சாதாரண டேட்டாபேஸில் எழுதி, அன்றன்றைய ஹேஷை இரவு வாங்குபவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். தேதி மாற்றி எழுதினால் பிடிபட அதுவே போதும்.