ஒரு மரம் வெட்டிக் காட்டு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்துக்குப் புதிதாக யாராவது பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்க, வந்தால், கங்காணி அவரிடம் அதிகம் விசாரிக்க மாட்டாராம். பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) முடிந்ததும் பக்கத்து மர நிரைக்குக் கூட்டிப்போய், உளியைக் கையில் கொடுத்து, "ஒரு மரம் வெட்டிக் காட்டு" என்பாராம். பட்டை எவ்வளவு மெல்லிசாகச் சீவி விழுகிறது, கோடு ஒரே சாய்வில் இறங்குகிறதா, உளி ஆழப் போய் மரத்தைக் காயப்படுத்துகிறதா, அவ்வளவுதான் பார்ப்பார். முப்பது வருடம் மரம் வெட்டிய என் அம்மா இதைப் பல தடவை சொல்லியிருக்கிறார். வெளிநாட்டில் போஸ்ட்டாக் வேலை (முனைவர் பட்டத்துக்குப் பின் சில வருடம் செய்யும் ஆய்வுப் பணி) தேடி ஒரு வருடம் அலைந்த பிறகுதான் அந்தப் பேச்சு எனக்கும் சேர்த்துச் சொன்னது என்று உறைத்தது.

2021-இல் முனைவர் பட்டம் முடித்தேன். என் ஆய்வும் பால்மரத்தைப் பற்றித்தான். நன்றாகப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மரத்தில் திடீரென்று வெட்டுக் கோட்டின் ஒரு பகுதி வறண்டுபோகும். சில மரங்களில் கோடு முழுவதுமே நின்றுவிடும். அளவுக்கு மீறி வெட்டுவதும், பால் கூடுவதற்காக எத்திஃபான் மருந்தை அடிக்கடி தடவுவதும் இந்த வறட்சியைக் கொண்டுவருகின்றன என்பது தெரிந்ததே. பட்டைக்குள் அப்போது என்னென்ன மரபணுக்கள் வேலை செய்கின்றன, எவை அடங்கிப் போகின்றன என்று பார்த்தேன். 1877-இல் நட்ட பால்மரம் ஒன்று இன்னமும் நிற்கிற கோலாகங்சார் எங்கள் ஊருக்குப் பக்கம்தான். அந்த மண்ணில் வளர்ந்தவளுக்கு இந்த ஆய்வில் ஏன் இத்தனை பிடிப்பு என்று விளக்கத் தேவையில்லை.

பட்டம் வாங்கி வீட்டுக்கு வந்தேன். அப்போது நாங்கள் லயத்தை விட்டு டவுன் ஓரத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்திருந்தோம். "இன்னுமா படிக்கப் போற?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். படிப்பு இல்லை மாமி, வேலை, சம்பளம் உண்டு, ஆனால் இரண்டு மூன்று வருடத்துக்கு மட்டும் என்று சொன்னேன். அவருக்குச் சொன்ன அந்தப் பதிலை நானே சரியாக உள்வாங்கவில்லை என்பது என் கடிதங்களைத் திரும்பப் படித்தபோதுதான் தெரிந்தது.

எட்டு மாதத்தில் 47 பேராசிரியர்களுக்கு எழுதினேன். எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி தொடங்கும்: "தங்களுடைய மேலான வழிகாட்டுதலின் கீழ் கற்றுக்கொள்ளும் பாக்கியத்தை எனக்கு அருள வேண்டுகிறேன்." ஆங்கிலத்தில்தான் எழுதினேன், ஆனால் அதன் உயிர் இந்தத் தமிழ்தான். பிறகு நான் படித்த பள்ளி, வாங்கிய மதிப்பெண், கிடைத்த விருது. கடைசியில் எதையும் கற்கத் தயார் என்று ஒரு வரி. பதில் வந்தது நான்கு பேரிடமிருந்து. இருவர் பணம் இல்லை என்றார்கள். ஒருவர் வாழ்த்தினார். இன்னொன்று, விடுமுறையில் இருக்கிறேன் என்று கணினி தானாக அனுப்பியது.

அந்தக் கடிதங்களில் மரியாதை இருந்தது, பொய் ஒன்றுமில்லை. வேலை கேட்கும் ஒருத்தி மட்டும் அவற்றில் இல்லை. ஒரு பேராசிரியர் போஸ்ட்டாக் ஆள் எடுக்கும்போது, பெரும்பாலும் குறிப்பிட்ட ஓர் ஆய்வுத் திட்டத்துக்கு வாங்கிய பணத்தில்தான் எடுக்கிறார். அந்தப் பணத்துக்குக் காலக்கெடு உண்டு, அறிக்கை கொடுக்க வேண்டும். முதல் மாதத்திலேயே கையை நனைத்து வேலை தொடங்கக்கூடிய ஆள் அவருக்கு வேண்டும். நானோ, தயவுசெய்து எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று 47 பேர் வாசலில் நின்றிருக்கிறேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே பழகிப்போன ஒரு குனிவு இருக்கிறது. துரை வீட்டுக்கும் ஆபீஸ் கிராணி (எழுத்தர்) மேசைக்கும் முன்னால் நின்று பழகிய குனிவு. அதை நான் பணிவு என்று நினைத்திருந்தேன்.

இதற்கிடையில் நாள் ஓடிக்கொண்டிருந்தது. பேராசிரியரின் திட்டப் பணம் இல்லாமல் போஸ்ட்டாக் போக இன்னொரு வழி ஊக்கத்தொகை. அவற்றில் பெரும்பாலானவை பட்டம் வாங்கிய நாளிலிருந்து வருடத்தை எண்ணுகின்றன. நான் தேடிய 2022-இல் ஜெர்மனியின் ஹம்போல்ட் ஊக்கத்தொகைக்கு, பட்டம் பெற்று 4 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். ஜப்பானின் அறிவியல் ஊக்குவிப்பு அமைப்பான ஜேஎஸ்பிஎஸ் தரும் ஊக்கத்தொகைக்கு 6 ஆண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்கொடோவ்ஸ்கா கியூரி ஊக்கத்தொகைக்கு 8 ஆண்டு. கியூரிக்கு இன்னொரு விதியும் இருக்கிறது: போகப்போகிற நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் முதலில் தேவைப்படுவது, "இவர் வரட்டும், நான் இடம் தருகிறேன்" என்று சொல்லும் ஒரு பேராசிரியர். ஆகவே எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒரு மனிதருக்கு எழுதும் கடிதத்தில்தான் வந்து நிற்கிறோம்.

ஒருநாள் ராத்திரி சமையலறை மேசையில் உட்கார்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தேன். ரஷ்ய டேண்டலியன் என்கிற சின்னப் பூச்செடியின் வேரிலும் ரப்பர் பால் இருக்கிறது. கசகஸ்தான் பக்கத்துச் செடி. 1930-களில் சோவியத்காரர்கள் அதைத் தேடிக் கண்டுபிடித்து, போர்க்காலத்தில் பயிரிட்டார்கள். இப்போது ஜெர்மனியில் அதிலிருந்து டயர் செய்யும் முயற்சி நடக்கிறது. காண்டினென்டல் நிறுவனம் அதற்கென்றே 2018-இல் அங்க்லாம் என்ற ஊரில் ஆய்வுக்கூடம் திறந்தது. நான் படித்த கட்டுரை ஜெர்மனியின் வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. செடிக்குச் செடி பாலின் அளவு ஏன் இப்படி மாறுகிறது என்று அதில் தடுமாறியிருந்தார்கள்.

அம்மா அன்னாசிப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். என்ன படிக்கிற என்று கேட்டார். சொன்னேன்.

"எத்தன மணிக்கு எடுத்தாங்களாம்?"

"என்னம்மா?"

"பாலு. எத்தன மணிக்குன்னு போட்டிருக்கா?"

தேடிப் பார்த்தேன். எந்த மாதம், வெப்பம் எத்தனை டிகிரி, என்ன உரம், எல்லாம் இருந்தது. மணி மட்டும் இல்லை.

"பின்ன எப்படிப் பால் கூடுச்சு, கொறைஞ்சுச்சுன்னு சொல்றாங்க?" என்று கேட்டுவிட்டு அம்மா பழத்துக்கு உப்பு தடவப் போய்விட்டார்.

மரம் வெட்டுகிறவர்கள் ஏன் இருட்டோடு போகிறார்கள் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். விடியுமுன் மரம் நீர் நிறைந்து நிற்கும். பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும், வெட்டினதும் பால் பீறிக்கொண்டு வரும். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் போய், அழுத்தம் இறங்கி, பால் மந்தமாகிவிடும். நானும் ஆராய்ச்சியில் இதை வேறு சொற்களில் எழுதியிருக்கிறேன். அதே கேள்வி வேரில் பாலுள்ள செடிக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை, அம்மாவுக்குத் தோன்றியது.

அந்த ராத்திரியே அந்தப் பேராசிரியருக்கு எழுதினேன். பாக்கியம், அருள், மேலான என்று ஒரு சொல்லும் கிடையாது. உங்கள் கட்டுரையில் மாதிரி எடுத்த நேரம் குறிப்பிடப்படவில்லை. பால்மரத்தில் நேரத்தைப் பொறுத்து இவ்வளவு மாறும். என் தரவில் விடியற்காலை மாதிரிக்கும் பத்து மணி மாதிரிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு படமாக இணைத்திருக்கிறேன். உங்கள் செடியில் இதைச் சோதிக்க விரும்புகிறேன், எனக்குத் தெரிந்த முறைகள் இவை. நான்கு பத்தி. என் பள்ளிக்கூட மதிப்பெண் எங்கும் இல்லை. கடைசி வரியில் மட்டும், 30 ஆண்டுகள் மரம் வெட்டிய என் தாயார்தான் இந்தக் கேள்வியைக் கேட்டார் என்று எழுதினேன். அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் பதில் வந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் எடுத்தோம், யாரும் மணியைக் குறித்து வைக்கவில்லை, பேசலாமா என்று கேட்டிருந்தார்.

ஆனால் நான் உடனே அங்கே போய்விடவில்லை. அதே முறையில் இன்னும் ஐந்து பேருக்கு எழுதினேன். இந்தத் தடவை மூன்று பேர் பதில் போட்டார்கள். அவர்களில் ஒருவர் துறையில் பெரிய பெயர், வேறு நாட்டில் பெரிய பல்கலைக்கழகம். ஒரே நேர்காணலில் வேலை தருகிறேன் என்றார். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். கோப்பிக்கடையில் சித்தப்பா எல்லாருக்கும் தே தாரிக் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு ஒரு நெருடல். அந்த ஆய்வுக்கூடத்தின் பழைய ஆட்கள் யார் என்று அவர்களின் இணையப் பக்கத்திலேயே பட்டியல் இருந்தது. கட்டுரைகளில் யார் பெயர் முதலில் வருகிறது, போனவர்கள் எங்கே போனார்கள் என்று ஒவ்வொருவராகத் தேடினேன். நிறையப் பேர் ஒரு வருடம் தாண்டவில்லை. போனபின் பாதிப் பேர் ஆராய்ச்சியிலேயே இல்லை. மூன்று பேருக்கு எழுதினேன். ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர், நல்ல கருவிகள் இருக்கின்றன என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். மூன்றாமவர் எழுத்தில் வேண்டாம், அழைத்துப் பேசுகிறேன் என்றார். நாற்பது நிமிடம் பேசினார். ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில் வரும் செய்திகள், தன் வேலை வேறொருவர் பெயரில் வெளிவந்தது, விடுப்பு கேட்டதும் வந்த மௌனம். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. அவரை நான் பார்த்ததுகூட இல்லை. முன்பின் தெரியாத ஒருத்திக்காக அவ்வளவு நேரம் கொடுத்தாரே என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு ஜெர்மன் பேராசிரியரிடம் வேலை பார்த்தவர்களிடம் பேசினேன். நேரடியாகவே கேட்டேன்: திரும்பவும் அவரிடம் போவீர்களா? அவர் தப்பு என்று நீங்கள் சொன்னால் என்ன செய்வார்? ஒரு பெண் சிரித்துக்கொண்டே, முதலில் முகம் சிவக்கும், மறுநாள் காலையில் வந்து நீ சொன்னது சரி என்பார் என்றார். அந்தப் பதில் எனக்குப் போதுமாக இருந்தது.

பெரிய பெயரை வேண்டாம் என்று எழுதிய அன்று சித்தப்பா என்னோடு பேசவில்லை. அம்மா ஒன்றுதான் கேட்டார்: "அங்க இருந்தவங்க சொன்னாங்களா?" ஆமாம் என்றேன். "அப்ப சரி." எந்தத் தோட்டத்துக்கு மாறிப் போனாலும், அங்கே கங்காணி எப்படி என்று லயத்து ஆட்களிடம் கேட்காமல் சாமான் கட்டமாட்டார்கள்.

ஜெர்மன்காரருடனான நேர்காணல் எங்களுக்கு ராத்திரி பத்து மணி, அவர்களுக்கு மத்தியானம் மூன்று. எட்டு மணிக்குத் தூங்கிவிடுகிற அம்மா அன்று தூங்கவில்லை. பேசும்போதே இடி இடித்து மின்சாரம் போய்விட்டது. கைப்பேசி வெளிச்சத்தில், வாசற்படியில் உட்கார்ந்து மீதியைப் பேசி முடித்தேன். அம்மா பின்னால் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

மற்றவை சுருக்கமாக. ஜெர்மனியில் பல்கலைக்கழக ஆராய்ச்சி வேலைக்கான சம்பளம் பொதுவில் வெளியிடப்பட்ட அட்டவணைப்படி வருகிறது, போஸ்ட்டாக் பெரும்பாலும் ஈ13 என்ற படிநிலை. வேலை ஒப்பந்தம் என்றால் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியப் பிடித்தமும் சேர்ந்தே வரும். ஊக்கத்தொகை அப்படியல்ல, அதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இடம் வாங்கித் தருகிறேன், கட்டணம் கட்டு என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். உண்மையான போஸ்ட்டாக் வேலைக்கு யாரும் நம்மிடம் காசு கேட்பதில்லை. சிபாரிசுக் கடிதத்தில் நானும் ஒருமுறை தவறினேன். பதவி பெரியது என்று, என் வேலையைப் பார்த்தே இராத ஒருவரிடம் வாங்கினேன். நல்ல ஒழுக்கமுள்ள பெண் என்று எழுதியிருந்தார். அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருடம் என் பக்கத்து மேசையில் நின்ற மூத்த ஆய்வாளரிடம் கேட்டேன். நான் எந்தச் சோதனையை மூன்று முறை தோற்று நாலாம் முறை எப்படிச் சரிசெய்தேன் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

2023 மார்ச்சில் வந்து சேர்ந்தேன். பசுமைக்குடிலில் விளக்கு எரியத் தொடங்குமுன், விடியற்காலை ஐந்து மணிக்கு மாதிரி எடுப்பதுதான் இப்போது எங்கள் வழக்கம். ஒவ்வொரு குப்பியிலும் மணி எழுதப்பட்டிருக்கிறது.

பேராசிரியர் தனக்கு வரும் விண்ணப்பங்களை என்னையும் பார்க்கச் சொல்கிறார். போன வாரம் மலேசியாவிலிருந்து ஒரு தம்பியின் கடிதம் வந்தது. அவனும் தோட்டத்துப் பிள்ளைதான் என்று இரண்டாவது வரியிலேயே தெரிந்தது. முதல் இரண்டு பத்தியும் வேண்டுதல். மூன்றாம் பத்தியின் நடுவில் ஒரு வரி: செம்பனையில் (எண்ணெய்ப்பனையில்) கனோடெர்மா பூஞ்சை அடித்தண்டை அழுகச் செய்யும் முன், வேரில் தான் கண்ட ஒரு மாற்றம். நாற்காலியை இழுத்துப்போட்டு அந்த வரியை மறுபடி படித்தேன். தம்பிக்குப் பதில் எழுதினேன்: அந்த வரியை மேலே கொண்டு வா, படத்தை இணைத்துவிடு, மற்றதையெல்லாம் எடுத்துவிடு, வெள்ளிக்கிழமைக்குள் திரும்ப அனுப்பு.