பால்வீதியை யார் படம் எடுத்தது?

"சேர், நாங்க பால்வீதிக்குள்ள தானே இருக்கிறோம், அப்ப இந்தப் படத்த வெளிய போய் யாரு எடுத்த?"

இன்று தரம் 8 வகுப்பில், சுவரில் தொங்கிய படத்தைக் காட்டி ஒரு பிள்ளை கேட்டாள்.

என்ன அருமையான கேள்வி!

யாருமே எடுக்கவில்லை. அது வரைந்த படம். பால்வீதியின் குறுக்களவு சுமார் 100,000 ஒளியாண்டு (ஒளி ஓராண்டில் போகும் தூரம்தான் ஒரு ஒளியாண்டு). 1977இல் புறப்பட்ட வொயேஜர் 1 விண்கலம் இப்போதும் ஏறத்தாழ ஒரு ஒளிநாள் தூரத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

அப்போ எப்படி வரைந்தார்கள்?

எல்லோரையும் கட்டைவிரலை நீட்டச் சொன்னேன். ஒரு கண்ணை மூடு, பிறகு மற்றக் கண்ணை. விரல் கரும்பலகைக்கு முன்னால் இடம் மாறித் தெரிகிறது, கையை மடக்கிக் கிட்டக் கொண்டுவந்தால் இன்னும் அதிகமாக மாறுகிறது. பூமி சூரியனைச் சுற்றும்போது பக்கத்து விண்மீன்களும் இப்படித்தான் மிக மிகச் சிறிதாக இடம் மாறித் தெரியும், அதை அளந்தால் தூரம் கிடைத்துவிடும். 2013இல் ஏவிய கையா விண்கலம் 100 கோடிக்கும் அதிகமான விண்மீன்களை இப்படி அளந்தது. எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், வெளியே போகாமலே வரையலாம்தானே.

வகுப்பு முழுக்க ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருந்தது, மணி அடித்த பிறகும்.

ஆனால் இவர்களில் பலர் பால்வீதியை நேரில் பார்த்ததே இல்லை. கொழும்பு வெளிச்சத்தில் எங்கே தெரியப்போகிறது?

பெற்றோரே, ஜூலை, ஆகஸ்ட்டில் மன்னார், மட்டக்களப்புப் பக்கம் ஊருக்குப் போனால், நிலவில்லாத ஒரு இரவில் பிள்ளைகளைக் கொஞ்சம் முழித்திருக்க விடுங்கள். தெற்கே, தனுசு ராசிப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.