மூடி திறந்தே இருக்கட்டும்

முதல் வேலையில் நான் வாங்கிய முதல் திட்டு ஒரு மூடிக்காக. சாயங்காலம் வேலை முடிந்ததும் ரொம்பப் பொறுப்பாக, டியூபைக் குளிரில் வேகமாகச் சுற்றி உள்ளிருப்பதைப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ் மிஷினின் மூடியை அழுத்திச் சாத்தி, ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போயிருந்தேன். காலையில் திறந்தால் உள்ளே சுவரெல்லாம் வேர்த்திருந்தது, அடியில் இரண்டு கரண்டித் தண்ணீர்.

"வீட்டுல ஃப்ரிட்ஜை ஆஃப் பண்ணி மூடி வெச்சா என்னம்மா ஆகும்? நாறும்ல?" என்றார் லேப் உதவியாளர் அண்ணன். பழைய வேட்டித் துணியால் உள்ளே துடைத்தார். டியூப் செருகும் சுழல் தட்டான ரோட்டரைக் கழற்றி, குழிகளில் தேங்கிய ஈரம் வடியட்டும் என்று டிஷ்யூ மேல் கவிழ்த்து வைத்தார். அன்றிலிருந்து அந்த மிஷினைப் பொறுத்தவரை அவர்தான் எனக்கு வாத்தியார். கைடு வேறு விஷயங்களுக்கு.

மேஜை மேல் வைக்கிற சின்ன மிஷின்தான். 24 குழிகள், ஒவ்வொன்றிலும் 1.5 அல்லது 2 மி.லி. டியூப் ஒன்று. அந்த டியூபை உலகம் முழுக்க எப்பன்டார்ஃப் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது ஒரு ஜெர்மன் கம்பெனியின் பெயர் என்பதே பலருக்கு நினைவில்லை. இந்த மிஷின் வருவதற்கு முன் எங்கள் லேபில் குளிரூட்டும் வசதியில்லாத சென்ட்ரிஃப்யூஜ் ஒன்று இருந்தது. வசதியான இடங்களில் அதை 4 டிகிரி குளிர் அறைக்குள் வைத்துவிடுவார்கள். எங்களிடம் குளிர் அறை கிடையாது. பெட்டிக்கடையில் கலர் பாட்டில் அடுக்கும் கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்றின் கீழ்த்தட்டில் அது உட்கார்ந்திருந்தது. ஸ்பின் போட்டால் ஃப்ரிட்ஜ் மொத்தமும் நடுங்கும்.

குளிர் எதற்கு என்று அந்தப் பழைய மிஷினை வெளியே வைத்து ஓட்டிப் பார்த்தால் புரியும். கால் மணி நேரம் முழு வேகத்தில் சுற்றிய டியூபைக் கையில் எடுத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். ரோட்டர் காற்றைக் கிழித்துக்கொண்டு சுற்றுகிறதே, அந்த உராய்வுச் சூடு. நான் செய்துகொண்டிருந்தது நெல் நாற்றின் இலையிலிருந்து, மரபணுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறான ஆர்என்ஏவைப் பிரிக்கும் வேலை. ஆர்என்ஏவைத் தின்னும் நொதி நம் கை வியர்வையிலேயே இருக்கிறது, சூடு கிடைத்தால் அதற்குக் கொண்டாட்டம். ஐஸ் பாக்ஸில் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட சாம்பிளை மிஷினுக்குள் கொண்டுபோய்ச் சுடவைப்பதில் என்ன அர்த்தம்?

அண்ணன் இங்கே வருவதற்கு முன் ஊர்ப் பால் சொசைட்டியில் வேலை பார்த்தவர். அங்கே பாலின் கொழுப்பைப் பார்க்க கெர்பர் முறை: கண்ணாடிக் குழாயில் 10 மி.லி. கந்தக அமிலம், 10.75 மி.லி. பால், 1 மி.லி. அமைல் ஆல்கஹால். அதைக் கையால் சுற்றும் சென்ட்ரிஃப்யூஜில் போட்டுச் சுற்றினால் கொழுப்பு தனியாக மேலே வந்து நிற்கும். அந்த அளவை வைத்துத்தான் மாடு வைத்திருப்பவருக்குக் காசு. "எதிர்ல ஆள் இல்லாம எந்தக் குழாயும் உட்காரக் கூடாது" என்று அவர் சொல்வது அங்கே கற்ற பாடம்.

எனக்கு அதைக் கணக்காக ஒரு நாள் போட்டுப் பார்க்கத் தோன்றியது. 1 மி.லி. திரவத்தோடு ஒரு டியூப் சுமார் 2 கிராம். 12,000 ஜி விசையில், அதாவது புவியீர்ப்பைப் போல 12,000 மடங்கில், அது 24 கிலோவாக இழுக்கும். கிட்டத்தட்ட ஒரு சிப்பம் அரிசி! எதிர் டியூபில் 0.1 கிராம் குறைந்தால்கூட சுமார் ஒன்றேகால் கிலோ ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் சுற்றும். அதற்குப் பிறகு கண்ணால் பார்த்து "சமம்தான்" என்று சொல்வதை விட்டுவிட்டேன். மூன்று டியூப் இருந்தால் 1, 9, 17-ஆம் குழிகள். ஐந்து இருந்தால் அவற்றோடு 2, 14. அண்ணனுக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஜோடி ஜோடியாக வைத்தால்தான் அவருக்கு நிம்மதி.

நான் செய்த பெரிய தப்பு வேறு. ஐசோபுரோப்பனால் சேர்த்துச் சுற்றியபின் கிடைக்கிற ஆர்என்ஏ படிவு, அதாவது பெல்லட், நன்றாக வந்தாலே கஞ்சி ஆடையின் துணுக்கு மாதிரிதான் இருக்கும். சில சமயம் கண்ணுக்கே தெரியாது. டியூப் மூடியின் கீல் எப்போதும் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். அப்படி வைத்தால் பெல்லட் கீலுக்கு நேர் கீழே ஒட்டியிருக்கும், தெரியாவிட்டாலும் அங்கேதான் இருக்கிறது என்று நம்பி, திரவத்தை உறிஞ்சும் பைப்பெட்டை எதிர்ச் சுவரில் இறக்கலாம். அன்று அவசரத்தில் கீல்கள் திசைக்கு ஒன்றாகப் பார்க்க எட்டு டியூபையும் செருகியிருந்தேன். மேல் திரவத்தை உறிஞ்சி எடுத்தபின் எட்டில் மூன்றில் எதுவுமே இல்லை. மூன்று வார நாற்று, பல்லைக் கடித்துக்கொண்டு திரவ நைட்ரஜன் ஊற்றி அரைத்த இலை, எல்லாம் கழிவுப் பாட்டிலில்.

இன்னொன்று, ஆர்பிஎம், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. பழைய நோட்டில் "12,000-இல் 15 நிமிடம்" என்று சீனியர் எழுதி வைத்திருந்தார். எந்த 12,000? 6 செ.மீ. ஆரமுள்ள ரோட்டரில் 12,000 சுற்று என்றால் சுமார் 9,700 ஜி. 8.4 செ.மீ. ரோட்டரில் அதே சுற்று 13,500 ஜி. மிஷின் மாறியதும் நோட்டும் பொய்யாகிவிட்டது. ஜி போடாமல் எழுதிய குறிப்பை இன்றைக்கும் நான் நம்புவதில்லை, எழுதியவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும்.

நான் சேர்ந்தது 2012-இல். அந்த வருஷத்து மின்வெட்டை சென்னைக்கு வெளியே இருந்தவர்களிடம் கேட்க வேண்டும். குளோரோஃபார்ம் கலந்து குலுக்கி ஸ்பின்னில் போட்டு ஆறு நிமிடம், கரண்ட் போனது. ஃபேன் நின்ற அமைதியில் ரோட்டரின் சத்தம் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. பிரேக் வேலை செய்யாததால் அது தானாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டும், மூடியோ பூட்டிக்கொண்டுவிட்டது. நான் நெம்புவதற்கு ஸ்க்ரூடிரைவர் தேடினேன்.

"சும்மா இரும்மா. சத்தம் நிக்கட்டும்."

மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, மூடியின் சின்னக் கண்ணாடி வழியாக செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தார். ரோட்டர் நின்றுவிட்டது என்று தெரிந்ததும், மிஷினின் பக்கவாட்டில் இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, உள்ளே தொங்கிய நூலைப் பிடித்து ஓர் இழுப்பு. மூடி 'டக்' என்று திறந்தது. அப்படி ஒரு நூல் இருப்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது. டியூப்களை ஆடாமல் தூக்கி ஐஸில் நட்டோம். கீழே ரோஸ் கலர், நடுவில் வெள்ளைப் படலம், மேலே தெளிந்த நீர் என்று அரைகுறையாகப் பிரிந்து நின்றது. கரண்ட் வந்தும் ஸ்டெபிலைசர் சில நிமிடம் கழித்துத்தான் இணைப்புக் கொடுத்தது. மிஷினை முதலில் காலியாக ஓட்டி 4 டிகிரிக்குக் கொண்டுவந்து, மறுபடி முழுசாக 15 நிமிடம் போட்டோம். அந்த சாம்பிள் தப்பித்தது.

இப்போது வேறு ஊர், வேறு லேப். மிஷின் புதுசு, சத்தமே கேட்பதில்லை. அண்ணன் சத்தத்தை வைத்தே ரோட்டர் மூடி போடாததைக் கண்டுபிடித்துவிடுவார். இதில் அவராலும் முடியுமா தெரியவில்லை. சாயங்காலம் துடைத்து, மூடியைத் திறந்துவிட்டு, "மூடாதீர்கள்" என்று சீட்டு ஒட்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மிஷின் ரிப்பேரா மேடம்?"

வேட்டித் துணியை அவள் கையில் கொடுத்தேன்.