அழித்த தண்ணீர்

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அப்பத்தாவுக்கு அல்சைமர் என்ற மறதி நோய்க்கான 10 மில்லிகிராம் டோனெபெசில் மாத்திரை கொடுப்பது என் பொறுப்பு. விழுங்கின அஞ்சாவது நிமிஷம், “மாத்திரை குடுத்தியாத்தா?” என்று கேட்கும். “குடுத்துட்டேன் அப்பத்தா” என்பேன். மறுபடி கேட்கும்.

பகலெல்லாம் அதே மருந்தைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். மூளை நோய்களுக்கான நொதித் தடுப்பான்களைக் கணினியில் வடிவமைப்பதுதான் என் ஆய்வு.

அல்சைமரில், நினைவுக்கு உதவும் மூளை வேதிப்பொருளான அசிட்டைல்கோலின் வற்றிக்கொண்டே போகும். மிச்சமிருப்பதையும் உடைத்துப்போடுவது அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் என்ற நொதி; டோனெபெசில் தடுப்பது அதைத்தான். அதன் வடிவத்தை 1991-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் சஸ்மன், சில்மன் குழுவினர் வெளிக்கொண்டுவந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது மின்திருக்கை மீனின் நொதி. உள்ளே ஒடுங்கலான ஒரு கிணறு, ஆழம் 20 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). உடைக்கும் வேலை அதன் அடியில் நடக்கிறது.

டாக்கிங் (மருந்தை நொதிக்குள் கணினியில் பொருத்திப் பார்ப்பது) பழகுகிறவர்கள் முதலில் செய்வது, மருந்தும் நொதியும் சேர்ந்திருக்கும் படிக அமைப்பிலிருந்து மருந்தை உருவிவிட்டுக் கணினியையே திரும்பப் பொருத்தச் சொல்வது. பழைய இடத்திலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்து உட்கார வேண்டும். எனக்கு உட்காரவே இல்லை. மருந்து தலைகீழாகப் போய் நின்றது. மூன்று வாரம் கணினி இடம் தேடும் பெட்டியின் அளவை மாற்றினேன், மின்சுமைகளை மாற்றினேன், அழுதும் பார்த்தேன்.

பிறகுதான் நொதிக்குள் டோனெபெசில் உட்கார்ந்திருக்கும் அமைப்பைப் பற்றி 1999-இல் வந்த கட்டுரையை வரிவரியாகப் படித்தேன். உடைக்கும் வேலையைச் செய்யும் வினைமையத்தை டோனெபெசில் நேரடியாகத் தொடுவதே இல்லை. நடுவில் தண்ணீர் மூலக்கூறுகள் நின்று கைகோத்துக்கொடுக்கின்றன. நானோ பயிற்சிக் குறிப்பில் இருந்தபடி முதல் வேலையாகத் தண்ணீரையெல்லாம் அழித்திருந்தேன்! கிணற்றுக்குள் இருந்தவற்றை மட்டும் திரும்ப வைத்து ஓட்டினேன். மருந்தின் ஒரு முனையான பென்சைல் வளையம் அடியில், நொதியின் 84-ஆம் அமினோ அமிலமான டிரிப்டோபன் மேல் படிந்தது. மறுமுனை வாயருகே 279-ஆம் டிரிப்டோபனோடு ஒட்டிக்கொண்டது. ஆய்வகத்தில் தனியாக எழுந்து நின்றுவிட்டேன்.

மூளைச் செல்கள் சாவதை இந்த மருந்து நிறுத்தாது. பீட்டா செக்ரடேஸ் என்ற வேறொரு நொதியைத் தடுத்த வெருபெசெஸ்டாட் என்ற மருந்து, அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டைக் குறைத்தது, ஆனால் நினைவைக் காப்பாற்றவில்லை. அதன் பெரிய சோதனைகள் 2017-லும் 2018-லும் நிறுத்தப்பட்டன. தெரிந்துதான் இதில் இருக்கிறேன். டோனெபெசில் தொடங்கிய பிறகு சில காலைகளில் அப்பத்தா அத்தை பெயரைச் சொல்லாமல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. அது மருந்தாலா என்று என்னால் நிரூபிக்க முடியாது. எனக்கு அந்தக் காலைகள் வேண்டும்.

இப்போது புதிதாக வரைந்த ஒரு மூலக்கூறு அதே கிணற்றில், தண்ணீரோடு, ஓடிக்கொண்டிருக்கிறது. 100 நானோசெகண்டுக்கு அணுக்களின் அசைவைக் கணக்கிடும் சிமுலேஷன். விடியும்போது முடியும்.