ஈஸ்ட் டூ-ஹைப்ரிட் கேள்வி வந்தால் கன்ட்ரோலை முதலில் பாருங்கள்

தேர்வு ரிசல்ட் வந்துவிட்டது, பாஸாகிவிட்டேன். பெரிய நிம்மதி. மார்க்கைத் தூக்கிவிட்டது புரத இடைவினைப் பகுதிதான் (எந்தப் புரதம் எதோடு சேர்கிறது என்பது), அதனால் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஈஸ்ட் டூ-ஹைப்ரிட் என்பது பெய்ட், பிரே என்ற இரண்டு புரதங்கள் சேர்கின்றனவா என்று ஈஸ்டுக்குள் பார்க்கும் முறை; சேர்ந்தால் ரிப்போர்ட்டர் ஜீன் இயங்கி ஈஸ்ட் வளரும். 1989-இல் ஃபீல்ட்ஸும் சாங்கும், ஜீனை இயக்கும் கால்4 புரதத்தைப் பிரித்து வைத்து இதைச் செய்த கதை எல்லாருக்கும் தெரியும், அதை எழுதி அரைப் பக்கத்தை வீணாக்காதீர்கள். பிளேட் படத்தைக் கொடுத்து 'என்ன முடிவுக்கு வரலாம்' என்று கேட்டால், கண் முதலில் போக வேண்டியது பெய்ட்டோடு காலி பிரே வெக்டர் (பிரே புரதம் இல்லாத பிளாஸ்மிட்) போட்ட கன்ட்ரோல் கட்டத்துக்கு. ஹிஸ்டிடின் இல்லாத பிளேட்டில் அங்கேயே காலனி வளர்ந்திருந்தால் பெய்ட் தானாகவே ரிப்போர்ட்டரை இயக்குகிறது என்று அர்த்தம். பக்கத்துக் கட்டம் எவ்வளவு அடர்த்தியாக வளர்ந்திருந்தாலும் அதை மட்டும் வைத்து இடைவினை இருக்கிறது என்று சொல்ல முடியாது. எங்கள் பேப்பரில் அந்தக் கட்டத்தில் மெல்லிய வளர்ச்சி இருந்தது. 3-ஏடி சேர்த்த பிளேட்டில் அது காணாமல் போய், சோதனை ஜோடி மட்டும் நின்றது. 3-ஏடி என்ற ரசாயனம், ரிப்போர்ட்டரில் இருந்து வரும், ஹிஸ்டிடின் தயாரிக்க உதவும் ஹிஸ்3 நொதியைத் தடுப்பதால் கொஞ்சமாகக் கசியும் ரிப்போர்ட்டர் போதாமல் போகிறது, இவ்வளவுதான் விடை. அப்புறம் லூசின், டிரிப்டோபன் இரண்டும் இல்லாத பிளேட்: அங்கே வளரவில்லை என்றால் பெய்ட்டையும் பிரேயையும் சுமக்கும் டிஎன்ஏ வளையங்களான பிளாஸ்மிடுகளே உள்ளே இல்லை (லூசின், டிரிப்டோபன் தயாரிக்கும் ஜீன்கள் அவற்றில்தான் இருக்கின்றன), மற்ற பிளேட்டில் வளராததை வைத்து எதுவும் சொல்லக்கூடாது.

மனப்பாடம் எனக்கு ஒத்துவராது, அதனால் மற்ற முறைகளுக்கு 'இது எங்கே கைவிடும்' என்று மட்டும் படித்தேன்:

- டாப் டேக் (1999): புரதத்தில் ஒரு வாலை ஒட்டி, கூட்டாளிகளோடு இரண்டு படியில் பிரித்தெடுப்பது; டெவ் என்ற நொதியால் வெட்டு, பிறகு கால்மோடுலினில் பிடிப்பது. கூட்டாக வந்ததால் நேரடியாகத் தொடுகின்றன என்று எழுதாதீர்கள், நடுவில் மூன்றாவது புரதம் இருக்கலாம்.
- ஸ்பிளிட் யுபிக்விட்டின் (யுபிக்விட்டின் புரதத்தின் இரு பாதிகள் சேர்வதைப் பார்ப்பது): சவ்வுப் புரதம் என்று கேள்வியில் இருந்தாலே இதுதான். பெய்ட் நியூக்ளியஸுக்குப் போகத் தேவையில்லை.
- டிஹெச்எஃப்ஆர் பிசிஏ: டிஹெச்எஃப்ஆர் நொதியின் இரு பாதிகள் சேர்ந்தால், சாதாரண டிஹெச்எஃப்ஆரைத் தடுக்கும் மெத்தோட்ரெக்சேட் உள்ள பிளேட்டில் வளர்ச்சி.
- கோ-ஐபி (ஆன்டிபாடியால் ஒரு புரதத்தைப் பிடித்து, கூட வருவதைப் பார்ப்பது): உறுதிப்படுத்த.

கட்டுரைக் கேள்விக்கு 2000-இல் வந்த யுட்ஸ் குழுவின் ஈஸ்ட் புரத இடைவினை வரைபடத்தையும் 2001-இல் வந்த இட்டோ குழுவின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே ஈஸ்ட், ஒரே அடிப்படை முறை, ஆனால் இரண்டிலும் பொதுவாக இருந்த ஜோடிகள் மிகக் குறைவு. தவறவிடுவது, பொய்யாகக் காட்டுவது இரண்டையும் பேச இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏடிஇ2 (அடினின் தயாரிக்க உதவும் ஜீன்) ரிப்போர்ட்டராக வந்தால் நிறத்தையும் பாருங்கள். அடினின் குறைவான பிளேட்டில் காலனி சிவந்திருந்தால் அந்த ஜீன் வேலை செய்யவில்லை, வெள்ளையாக இருந்தால் செய்கிறது. பலர் வளர்ச்சியை மட்டும் எழுதிவிட்டு நிறத்தை விட்டுவிடுகிறார்கள்.