அப்பாவின் படகுக்கு எந்த ஜிபிஎஸ்?

நான் நில அளவை வேலை செய்கிறவள். வேலையிடத்தில் தூக்கித் திரிகிற கருவி சென்ரிமீற்றர் கணக்கில் இடம் சொல்லும். எல்லைக் கல் இரண்டு விரல் தள்ளி நின்றாலே சண்டை வருகிற காணிகளில் அந்தத் துல்லியம் வேண்டியதுதான். அதனால் அப்பாவின் படகுக்குக் கையடக்க ஜிபிஎஸ் ஒன்று பார்க்கிறோம் என்று தெரிந்ததும், சொந்தக்காரர் எல்லோரும் என்னிடம்தான் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: "விலை கூடினது இன்னும் துல்லியமாக் காட்டுமோ?" காட்டும். ஆனால் நண்டு வலைக்குப் போகிற ஒருவர் அந்தத் துல்லியத்துக்காகக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் எங்கள் குருநகரில் இன்னும் பல வீடுகளில் இதே யோசனை நடந்துகொண்டிருக்கிறது.

அப்பா பின்னேரம் வலையை விட்டுவிட்டு வந்து விடியப்புறம் போய் எடுப்பார். வலை நூற்றுக்கணக்கான மீற்றர் நீளம், இரண்டு பக்கமும் கொடி. இருட்டில் அந்தக் கொடிக்குக் கிட்டப் போய்ச் சேர்ந்தால் போதும், மிச்சத்தை ரோச் வெளிச்சமும் அவர் கண்ணும் பார்த்துக்கொள்ளும். மறைப்பில்லாத வானத்தின் கீழ் எந்தக் கையடக்க ஜிபிஎஸ்ஸும் ஐந்து மீற்றர் அளவுக்குச் சரியாக இருக்கும், கொஞ்சம் மோசமான நேரத்தில் பத்து. விலை கூடிய கருவிகள் இரண்டு அலைவரிசைகளில் செய்மதிச் சமிக்ஞையை வாங்குகின்றன. சமிக்ஞை கட்டடத்திலும் மலைச்சரிவிலும் பட்டுத் தெறித்து வந்து கணக்கைக் குழப்பும் இடங்களில் அது பெரிய உதவி. கரைக்கு எதிரே இருக்கும் மண்டைதீவைத் தாண்டினால் தெறிக்க வைக்கச் சுவரும் இல்லை, மரமும் இல்லை.

2000ஆம் ஆண்டு மே மாதத்துக்கு முன்பு கதை வேறு. அமெரிக்கா வேண்டுமென்றே பொதுமக்களுக்கான சமிக்ஞையில் பிழை சேர்த்து வைத்திருந்தது, நூறு மீற்றர்வரை தள்ளிக் காட்டும். அதை நிறுத்திய பிறகு மலிவுக் கருவிக்கும் கடலில் குறை சொல்ல இடமில்லாமல் போய்விட்டது.

நான் ஒப்பிட்டுப் பார்த்தவை முக்கியமாக கார்மின் என்ற நிறுவனத்தின் கருவிகள், ஏனென்றால் அப்பாவோடு தொழிலுக்குப் போகிறவர்களின் கையில் இருப்பவை பெரும்பாலும் அவைதான். மலிவுப் பக்கம் ஈட்ரெக்ஸ் 10, 2011இல் வந்த பழைய கறுப்பு வெள்ளைத் திரைக் கருவி. அதன் இடத்துக்கு 2023இல் ஈட்ரெக்ஸ் எஸ்இ வந்தது, வெளியிட்டபோது 150 டொலர். மேல் பக்கம் அதே ஆண்டு வந்த ஜிபிஎஸ்மேப் 67, 500 டொலர். செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் 67i என்ற கருவி இன்னும் நூறு டொலர் கூட. இங்கே வந்து சேரும்போது விலை இன்னும் ஏறும், ஆனால் இடைவெளி அப்படியேதான் இருக்கும்: ஒன்றின் விலைக்கு மற்றது மூன்று வாங்கலாம்.

முதலில் திரை. அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, கிட்ட இருப்பதை வாசிக்கக் கண்ணாடி வேண்டும், கடலில் கண்ணாடி போடமாட்டார். வண்ணத்திரையை அவர் கையில் கொடுத்தபோது, "பிள்ளை, வடிவாத்தான் இருக்கு, ஆனா உதில எழுத்துத் தெரியேல்லை" என்றார். ஜிபிஎஸ்மேப்பின் திரை மூன்று அங்குலம், ஈட்ரெக்ஸுடையது 2.2 அங்குலம்தான். இருந்தும் உச்சி வெயிலில் கறுப்பு எழுத்து அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. வெயில் விழ விழ அந்தத் திரை தெளிவாகும், பின்வெளிச்சமே வேண்டாம். அதோடு மலிவுக் கருவியில் எத்தனை மீற்றர், எந்தப் பக்கம் என்ற இரண்டை மட்டும் பெரிதாக வைத்துக்கொள்ளலாம். தொடுதிரைக் கருவிகளை நான் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. வலை பிடித்த கை, உப்புத் தண்ணீர், நண்டு ஓடு, இவற்றோடு தொடுதிரை ஒத்துவராது. பொத்தான்தான் வேண்டும்.

அடுத்தது பற்றரி, என் முடிவைத் தீர்மானித்த விஷயமே இதுதான். ஈட்ரெக்ஸ் இரண்டு பென்ரோச் (AA) பற்றரியில் ஓடுகிறது. பழைய 10க்கு 25 மணித்தியாலம் என்றும், எஸ்இக்கு 168 மணித்தியாலம் என்றும் நிறுவனம் சொல்கிறது. ஜிபிஎஸ்மேப் 67 அதைவிடக் கொஞ்சம் கூட, 180 மணித்தியாலம், ஆனால் பற்றரி உள்ளேயே பொருத்தியது, சார்ஜ் ஏற்ற வேண்டும். வீட்டில் மறந்துபோய்க் கடலுக்குப் போனால் நடுவில் செய்ய ஒன்றுமில்லை. பென்ரோச் பற்றரி என்றால் குருநகரில் எந்தக் கடையிலும் கிடைக்கும், இரண்டை பொலித்தீனில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டுவிடலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: ரீசார்ஜ் பற்றரி போட்டால் கருவியின் அமைப்பிலும் அந்த வகையைத் தெரிவு செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் மிச்ச அளவைப் பிழையாகக் காட்டும்.

தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். ஈட்ரெக்ஸின் ஐபிஎக்ஸ்7 என்ற தரத்தின் அர்த்தம், ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் தாங்கும் என்பது. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. உப்பு வேறு சாமான். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, பின்மூடியைத் திறந்து பற்றரித் தகட்டைப் பார்த்துவிட்டு வைப்பதுதான் வழி. ஈட்ரெக்ஸ் மிதக்காது, விழுந்தால் போனதுதான். மிதக்கிற கருவி வேண்டுமென்றால் கடலுக்கென்றே செய்த ஜிபிஎஸ்மேப் 79 இருக்கிறது. விலை கூடிய பக்கத்தில் என் மனம் உண்மையில் இழுபட்டது அந்த ஒன்றில்தான். கடைசியில் கருவியின் கொளுக்கியில் நைலோன் கயிறு கட்டி, அதில் வலை மிதப்பு ஒன்றைக் கோத்துக் கொடுத்தேன். வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துத்தான் கொடுத்தேன், மிதக்கிறது.

செய்மதிச் செய்தி பற்றிப் பலர் கேட்டார்கள். உயிர் காக்கும் வசதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, மாதக் கட்டணம் உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் எங்கள் கடலில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வாடைக் காலத்தில் எஞ்சின் நின்றால் படகு தென்மேற்கே, இந்தியப் பக்கம்தான் இழுபடும். இந்தியாவில் அனுமதியில்லாமல் செய்மதித் தொலைபேசியோ இந்த மாதிரிச் செய்திக் கருவியோ வைத்திருப்பது குற்றம், இதற்காக வெளிநாட்டுப் பயணிகளே பிடிபட்டிருக்கிறார்கள். எல்லை தாண்டிய வழக்கோடு இதுவும் சேர்ந்தால் என்னாகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அந்தக் காசுக்கு உயிர்காப்பு அங்கியும் ஒரு சாதாரணக் கொம்பாஸும் வாங்கினோம்.

கைப்போன் போதாதா என்று தம்பி கேட்டான். சிக்னல் இல்லாமலும் போன் இடம் காட்டும், புதிய போன்கள் சிலவற்றில் இரட்டை அலைவரிசையும் உண்டு, பழைய ஈட்ரெக்ஸைவிடத் துல்லியமாகவே இருக்கும். ஆனால் வெயிலில் சூடேறும், ஈரக் கைக்கு மசியாது, வழி காட்டிக்காட்டியே பற்றரி இறங்கிவிட்டால் அவசரத்துக்குக் கதைக்கவும் முடியாது. அதைப் பையில் சுற்றி இரண்டாவது துணையாக வைத்திருக்கட்டும்.

இனி, வரைபடம் இல்லாத குறை. ஈட்ரெக்ஸ் எஸ்இயில் வரைபடம் ஏற்ற முடியாது. கடைக்காரர் ஒருவர் இதை வைத்துத்தான் என்னை வண்ணக் கருவிக்குத் திருப்பப் பார்த்தார். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் வரைபடங்களில் தீவின் கரை இருக்கும், எங்கே மணல்திட்டு, எங்கே ஆழம் என்பது இருக்காது. அது அப்பாவின் தலைக்குள் இருக்கிறது. போன தடத்தைக் கருவி பதிந்து வைத்திருப்பதால் அதே தடத்தில் திரும்பி வரலாம், திட்டில் ஏறாமல் வர அதுவே போதும்.

எல்லைக் கோட்டுக்கும் வரைபடம் தேவையில்லை. 1974ஆம் ஆண்டு இலங்கை இந்திய ஒப்பந்தம் பாக்கு நீரிணையில் எல்லையை ஆறு புள்ளிகளால்தான் குறித்திருக்கிறது. முதல் புள்ளி வடக்கு 10 பாகை (டிகிரி) 05 கலை (பாகையின் அறுபதில் ஒரு பங்கு), கிழக்கு 80 பாகை 03 கலை. ஆறையும் கருவியில் தட்டி ஒரு பாதையாகச் சேர்த்தால், கறுப்பு வெள்ளைத் திரையிலும் கோடு விழும். நான் அப்படிச் செய்து, கோட்டுக்கு இப்பால் பாதுகாப்புக்காக இன்னொரு வரிசைப் புள்ளிகளும் போட்டுக் கொடுத்தேன்.

எந்தக் கருவி வாங்கினாலும் அமைப்பில் இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று, இடத்தை எழுதும் முறை. எங்கள் ஆட்கள் பொயின்ற், அதாவது கடலில் குறித்து வைத்த இடம், சொல்லும்போது கலையையும் அதன் தசமத்தையும்தான் சொல்வார்கள்: "ஒன்பது, நாற்பது பொயின்ற் ஐந்நூறு", அதாவது 9 பாகை 40.500 கலை. வடக்குத் தெற்காக ஒரு கலை என்பது ஏறத்தாழ ஒரு கடல் மைல், 1852 மீற்றர். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் இரண்டு மீற்றர்கூட இல்லை. ஆனால் கருவி விகலையில் (கலையின் அறுபதில் ஒரு பங்கு) இருக்க, யாராவது அதை 40 கலை 50 விகலை என்று தட்டிவிட்டால் அறுநூறு மீற்றருக்கு மேல் தள்ளிப் போய் நிற்பீர்கள். 2022 ஓகஸ்ட்டில் படகு எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனபோது, இருட்டில் வலை தேடிச் சுற்றுவது எத்தனை வீடுகளில் அடுப்பைப் பாதித்தது என்று எனக்குத் தெரியும். இரண்டாவது, டேட்டம், அதாவது இடத்தைக் கணக்கிட வைத்துக்கொள்ளும் அடிப்படை அளவுமுறை. அந்த இடத்தில் டபிள்யூஜிஎஸ் 84 இருக்க வேண்டும். இலங்கையின் பழைய வரைபடங்களுக்கான கண்டவளை என்ற டேட்டத்தைத் தெரியாமல் தெரிவு செய்தால், எல்லாப் பொயின்றும் நூற்றுக்கணக்கான மீற்றர் நகர்ந்துவிடும்.

பழைய கருவி வாங்குகிறவர்கள் பற்றரித் தகட்டில் பச்சைப் பாசி பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திகதி பல வருடம் பின்னால் காட்டினால் பயப்பட வேண்டாம். ஜிபிஎஸ்ஸின் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும், கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. சில பழைய கருவிகள் அதில் திகதியைத் தவறவிட்டன. இடம் பெரும்பாலும் சரியாகவே காட்டும். கரையில் தெரிந்த ஓர் இடத்தில் வைத்து ஒருமுறை சரிபார்த்துவிட்டால் போதும்.

அப்பா இப்போது ஈட்ரெக்ஸ் எஸ்இதான் கொண்டுபோகிறார். பொயின்றுகளை எல்லாம் ஒரு கொப்பியிலும் எழுதி வைத்திருக்கிறோம், கருவி போனாலும் அவை போகக்கூடாது. ஆறு எல்லைப் புள்ளிகளையும் உங்கள் கருவியில் போட்டுத்தர வேண்டுமென்றால், ஞாயிறு பூசை முடிய யாகப்பர் கோயிலடியில் நிற்பேன், கருவியையும் புதுப் பற்றரி இரண்டையும் கொண்டுவாருங்கள்.