பத்துக்கு ஆறு

"யூதர்கள் பல நூற்றாண்டுகளாக வட்டித் தொழிலில் ஈடுபட்டுப் பணம் சேர்த்ததாலும், போருக்குப் பின் மக்கள் வறுமையில் வாடியபோது அவர்கள் மட்டும் வசதியாக இருந்ததாலும், ஜெர்மானியர்கள் அவர்களை வெறுக்க நேர்ந்தது." மூன்றாண்டுகளுக்கு முன் இரண்டாம் உள்மதிப்பீட்டுத் தேர்வில் ஒரு மாணவன் எழுதிய வாக்கியம் இது. "நேர்ந்தது" என்ற சொல்லின் கீழே சிவப்பு மையில் கோடிட்டு, பத்துக்கு மூன்று போட்டேன். மறுநாள் அந்த மூன்றை அடித்துவிட்டு, ஆறு என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அந்த இரண்டு எண்களில் எது சரியானது என்பது எனக்கு இன்றும் தெளிவாகவில்லை.

விடைத்தாள் கொடுத்த அன்று மாலை அவன் துறை அறைக்கு வந்தான். கையில் குறிப்பேடு இருந்தது. குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "மேடம், நீங்க வகுப்புல சொன்னதைத்தானே எழுதியிருக்கேன்?" என்று கேட்டு, குறிப்பேட்டைத் திறந்து என் முன் வைத்தான். நான் சொன்னவைதான் அங்கே இருந்தன. "இடைக்காலம்: நிலம் வாங்கத் தடை, தொழிற்குழுக்களில் இடமில்லை, வட்டித் தொழில்." அதன் பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அம்புக்குறியின் முனையில் "வெறுப்பு" என்ற சொல்.

அந்த அம்புக்குறியை நான் கரும்பலகையில் போடவில்லை. ஆனால் அதைப் போடுவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் நான்தான் கொடுத்திருந்தேன். வகுப்பில் சொன்னதை நினைவிலிருந்து திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். கிறித்தவர் கிறித்தவரிடம் வட்டி வாங்குவதைத் திருச்சபை பாவம் என்றது. 1179ஆம் ஆண்டு ரோமில் கூடிய லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை வட்டிக்காரர்களைச் சபைக்குப் புறம்பாக்கியது. 1215இல் கூடிய அடுத்த சங்கம், யூதர்கள் உடையாலேயே வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று விதித்தது. உழவும் கைத்தொழிலும் மறுக்கப்பட்ட மக்களுக்குத் திறந்திருந்த சில வாசல்களில் கடன் கொடுப்பதும் ஒன்று. அரசர்களும் ஆயர்களும் அவர்களிடமிருந்து வரியாகக் கறந்துகொண்டார்கள். கடன்பட்டவனின் ஆத்திரமோ, வரி வாங்கிய அரசனை விட்டுவிட்டுக் கடன் கொடுத்தவன் வாசலுக்கே வந்தது. இதில் பிழையான செய்தி ஒன்றும் இல்லை. ஆனால் தடை விதித்தவர்களைப் பற்றி நான் சொன்ன இந்தக் கதை, குறிப்பேட்டில் ஏறியபோது தடை விதிக்கப்பட்டவர்களைப் பற்றிய கதையாகிவிட்டது. எழுவாய் மாறிவிட்டது.

"நான் சொன்னது காரணம் தம்பி, நியாயம் இல்ல" என்றேன் அவனிடம்.

அவன் சற்று நேரம் யோசித்துவிட்டு, "நெருப்பில்லாம புகையுமா மேடம்? ஒரு ஊர்ல, ஒரு காலத்துலன்னா சரி. எத்தனையோ ஊர்ல, எத்தனையோ நூறு வருஷமா வெறுத்திருக்காங்களே?" என்றான்.

நான் மீண்டும் மீண்டும் திரும்பிப் போகும் இடம் இதுதான். அவன் கேட்டதில் வன்மம் இல்லை. அறிவு விரும்புகிற ஒருவனுக்கு இயல்பாக எழக்கூடிய ஐயம் அது. அதற்கு விடையாக நான் எடுத்து நீட்டியது எண்களை. அப்போதைய ஜெர்மனியில் யூதர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர், மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்றேன். முதல் உலகப் போரில் சுமார் ஒரு லட்சம் யூதர்கள் ஜெர்மானியச் சீருடை அணிந்தார்கள், ஏறக்குறைய 12,000 பேர் அந்த நாட்டுக்காக உயிர் விட்டார்கள் என்றேன். அவன் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். பிறகு கேட்டான்: "வக்கீல்கள்ல, டாக்டர்கள்ல அவங்க நிறைய பேர் இருந்தாங்கன்னு படிச்சேனே, அது உண்மையா?" உண்மைதான். 1933இல் ஜெர்மனியின் வழக்கறிஞர்களில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினாறு பேரும், மருத்துவர்களில் பதினொரு பேரும் யூதர்கள். அரசுப் பதவிகளும் படை அதிகாரி நிலையும் எட்டாத தலைமுறைகள், தன் முயற்சியால் நுழையக்கூடிய தொழில்களில் குவிந்ததன் விளைவு அது. நான் "ஆமாம்" என்று சொல்லி, இந்த விளக்கத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவன் தலையசைத்தான். அந்தத் தலையசைப்பில் அவன் கேட்டுக்கொண்டது விளக்கத்தையா, அந்த "ஆமாம்" என்ற ஒரு சொல்லை மட்டுமா என்று எனக்குத் தெரியவில்லை.

எண்ணால் வாதாடியவள் எண்ணாலேயே மடக்கப்பட்டேன் என்று அன்று இரவு தோன்றியது. அதற்கும் அந்த வரலாற்றிலேயே முன்னோடிகள் இருந்தார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. 1916 அக்டோபரில், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, பிரஷ்யப் போர் அமைச்சகம் படையில் இருந்த யூதர்களைக் கணக்கெடுக்க உத்தரவிட்டது. யூதர்கள் போர்முனைக்குப் போகாமல் ஒளிகிறார்கள் என்ற புகாரைச் சரிபார்ப்பதாகச் சொல்லித்தான் அது தொடங்கியது. பதுங்குகுழியில் கிடந்த வீரன், பக்கத்தில் கிடந்தவனிடமிருந்து பிரித்து எண்ணப்பட்டான். கணக்கின் முடிவைப் போர் முடியும்வரை அமைச்சகம் வெளியிடவில்லை. வெளியிடாததையே வெறுப்பாளர்கள் சான்றாக்கினார்கள்: வெளியே சொல்ல முடியாத அளவுக்கு மோசம் போலும் என்றார்கள். 1919இல் யூத முன்னாள் படைவீரர்கள் தமக்கென ஓர் அமைப்பைத் தொடங்கி, களத்தில் விழுந்த 12,000 பேரை நினைவூட்டித் துண்டறிக்கை அச்சிட்டு, பிள்ளைகளைப் பறிகொடுத்த ஜெர்மானியத் தாய்மார்களிடம் முறையிட்டார்கள். 1932இல் இறந்தவர்களின் பெயர்களையே தொகுத்து நூலாக வெளியிட்டார்கள். அவர்கள் நீட்டிய அதே 12,000ஐத்தான் நானும் என் மாணவனிடம் நீட்டினேன். அன்று அது யாரையும் நிறுத்தவில்லை. குற்றச்சாட்டு கணக்கிலிருந்து பிறந்திருந்தால்தானே கணக்கு அதைத் தீர்க்கும்?

ஆனாலும் எண்களை விட்டுவிட்டு ஒரு வரலாற்று ஆசிரியை வேறு எதைச் சொல்வாள் என்று எனக்கு நானே வாதாடுகிறேன். போருக்குப் பின் ஜெர்மனி குடியரசாக இருந்த வைமர் காலத்துக்குப் பாடத்திட்டம் ஒதுக்கியிருப்பது நான்கு மணி நேரம். அதற்குள் தோல்வி, வெர்சாய் அமைதி ஒப்பந்தம், பணவீக்கம், வேலையின்மை எல்லாவற்றையும் கடக்க வேண்டும். இது உண்மைதான் என்றாலும், எதைச் சொல்லத் தேர்ந்தேன், எதை விட்டேன் என்பது என் முடிவு. நான் விட்டவற்றில் ஒன்று 1923 நவம்பர் 5ஆம் தேதி பெர்லினில் நடந்தது. அந்த மாதம் ஒரு டாலரின் விலை 4.2 லட்சம் கோடி மார்க்கை எட்டிய மாதம். வேலையற்றோர் உதவித்தொகைக்காகக் காத்திருந்த கூட்டத்திடம், பணம் தீர்ந்துவிட்டது என்று சொல்லப்பட்டது. கிழக்கிலிருந்து குடியேறிய யூதர்கள் அந்தப் பணத்தை வளைத்துவிட்டார்கள் என்று யாரோ பரப்பினார்கள். கூட்டம் அருகிலிருந்த ஷாய்னன்ஃபியர்டல் பகுதிக்குள் புகுந்து கடைகளைச் சூறையாடியது. தெருவில் யூதர்களைப் பிடித்து அடித்து, ஆடைகளைக் களைந்தது. அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் போலந்திலிருந்தும் கலீசியாவிலிருந்தும் வந்த ஏழைகள். பழந்துணி விற்பவர்களும் சில்லறை வணிகர்களும். "அவர்கள் மட்டும் வசதியாக இருந்ததாலும்" என்று என் மாணவன் எழுதிய வரிக்கு அந்தத் தெருவே மறுப்பு. பணத்தை அச்சடித்துக் குவித்த ரைஷ்பேங்க் என்ற மத்திய வங்கியின் தலைவர் ஹாவன்ஷ்டைன் யூதர் அல்லர். பணவீக்கத்தில் கடனைச் செல்லாக்காசால் அடைத்துச் சுரங்கங்களையும் ஆலைகளையும் கப்பல்களையும் வாங்கிக் குவித்ததற்காக அந்தக் காலத்திலேயே பேர்போன ஹூகோ ஸ்டின்னஸும் யூதர் அல்லர். இவற்றை வகுப்பில் சொல்லியிருந்தால் அந்த வரி எழுதப்பட்டிருக்காது என்று நினைக்க விரும்புகிறேன். முழுமையாக நம்ப முடியவில்லை.

படை தோற்கவில்லை, உள்நாட்டுத் துரோகிகள்தான் கவிழ்த்தார்கள் என்ற "முதுகில் குத்திய" கதையை மட்டும் ஓரளவு நன்றாகச் சொல்லியிருந்தேன். 1918 செப்டம்பர் 29இல், போர்நிறுத்தம் உடனே வேண்டும் என்று வற்புறுத்தியவர் தளபதி லூடன்டார்ஃப். ஆனால் நவம்பரில் கையொப்பமிடப் போனவர் படைத்தலைவர் அல்லர். மத்தியாஸ் எர்ஸ்பெர்கர் என்ற கத்தோலிக்க அரசியல்வாதி. அடுத்த ஆண்டு நவம்பரில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன், போர்க்காலத் தலைமைத் தளபதி ஹிண்டன்பர்க், படை முதுகில் குத்தப்பட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். வெற்றி நெருங்கிவிட்டது என்று கோடை வரை சொல்லப்பட்ட மக்களுக்கு, எதிரியின் படை தங்கள் நாட்டுக்குள் நுழையாமலேயே வந்த தோல்வியை விளங்கிக்கொள்ள ஒரு துரோகி வேண்டியிருந்தான். எர்ஸ்பெர்கர் 1921இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுஆண்டு ஜூன் 24இல், போரின் தொடக்கத்தில் ஜெர்மனிக்கு மூலப்பொருள் வழங்கலையே ஒழுங்குபடுத்திக் கொடுத்த வால்டர் ராத்தனாவ், வெளியுறவு அமைச்சராக இருக்கும்போதே கொல்லப்பட்டார். அவர் யூதர்.

இந்தப் பாடத்தை நடத்தும்போது "பலிகடா" என்ற சொல்லைத்தான் நாங்கள் எல்லோரும் பயன்படுத்துகிறோம். அன்று அவனிடமும் அதைத்தான் சொன்னேன்: யூதர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள். அந்தச் சொல்லில் எனக்கு இப்போது நம்பிக்கை குறைந்திருக்கிறது. அதன் மூலம் லேவியராகமத்தில் இருக்கிறது. இரண்டு கடாக்களுக்கும் சீட்டுப் போட்டு, ஒன்றின் தலையில் மக்களின் பாவங்களை ஏற்றி வனாந்தரத்துக்கு விரட்டும் சடங்கு அது. விரட்டப்படும் ஆட்டைத் தமிழ் வேதாகமம் "போக்காடு" என்கிறது. கடா ஒரு குற்றமும் செய்யவில்லை என்பதை அந்த உருவகம் தெளிவாகச் சொல்கிறது, அதனால் அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் சீட்டுப் போட்டால் எந்தக் கடாவுக்கும் விழலாம். ஜெர்மனியில் அப்படிச் சீட்டுப் போடப்படவில்லை. கடா வெகுகாலமாகவே குறிக்கப்பட்டிருந்தது. 1873இன் பங்குச்சந்தைச் சரிவுக்குப் பின், 1879இல் வில்ஹெல்ம் மார் யூத வெறுப்பாளர்களுக்கென்று ஒரு சங்கமே தொடங்கி, மத வெறுப்பை இன வெறுப்பாக மாற்றிப் புதிய பெயருடன் பரப்பினார். அதே ஆண்டில் ட்ரைட்ஷ்கே என்ற புகழ்பெற்ற வரலாற்றுப் பேராசிரியர், "யூதர்களே நம் கேடு" என்ற தொடருக்குப் பல்கலைக்கழகத்தின் கௌரவத்தை வாங்கிக் கொடுத்தார். ஒரு வரலாற்று ஆசிரியர் எழுதிய தொடர் நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒரு நாஜி வார இதழின் முழக்கமாயிற்று என்பதை நான் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

ஆக, வேர்களைச் சொல்லாவிட்டால் எந்தக் கடாவும் அகப்பட்டிருக்கலாம் என்ற பொய் மிஞ்சுகிறது. வேர்களைச் சொன்னால், வெறுக்கப்பட்டவர்களிடமே ஏதோ இருந்திருக்க வேண்டும் என்ற பொய் முளைக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் எப்படி நடப்பது என்று நான் பயிற்சியில் கற்றதில்லை, பதினேழு ஆண்டுப் பணியிலும் கற்கவில்லை.

அவனுடைய புகைக்கும் நெருப்புக்கும் ஓர் விடை பின்னர் ஒரு பொருளியல் ஆய்வில் கிடைத்தது. பதினான்காம் நூற்றாண்டின் கொள்ளைநோய்க் காலத்தில், கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்று யூதர்களைக் கொன்ற ஜெர்மன் நகரங்களில், 1920களிலும் யூதர் மீதான தாக்குதல்கள் கூடுதலாக நடந்தன என்றும், 1928 தேர்தலில் நாஜிகளுக்குக் கூடுதல் வாக்குகள் விழுந்தன என்றும் அந்த ஆய்வு காட்டியது. கொன்றும் துரத்தியும் முடித்த பிறகு இத்தகைய ஊர்கள் பலவற்றில் நூற்றாண்டுக் கணக்கில் யூதர்களே இல்லை. ஆளே இல்லாத ஊரில் வெறுப்பு தாய்மடியிலிருந்து பிள்ளைக்குப் போயிருக்கிறது. ஸ்ட்ராஸ்பர்க்கில் 1349 பிப்ரவரி 14 அன்று யூதர்களை எரித்தபோது கொள்ளைநோய் அந்த நகரை அடைந்திருக்கவேயில்லை. எரித்தபின் அவர்களுக்குத் தர வேண்டிய கடன்கள் ரத்தாயின. அதற்கு முந்தைய ஆண்டே போப் ஆறாம் கிளமெண்ட், யூதர்களும் அதே நோயில்தான் சாகிறார்கள், யூதர்களே இல்லாத இடங்களிலும் நோய் பரவுகிறது என்று எழுதி அனுப்பியிருந்தார். அவரும் சான்றைத்தான் நீட்டினார்.

இதைப் படித்து முடித்தபோது அந்த மாணவன் பட்டம் பெற்றுப் போய்விட்டான். ஓர் ஆறுதல் போலவும் ஒரு தண்டனை போலவும் அந்த ஆய்வு என்னிடம் தங்கியிருக்கிறது. நெருப்பில்லாமல் அறுநூறு ஆண்டுகள் புகையும் என்றால், நான்கு மணி நேர வகுப்பு எந்த மூலைக்கு?

இனி அந்த ஆறு. மதிப்பெண்ணை மாற்றியபோது நான் எனக்குச் சொல்லிக்கொண்டது: அவன் நான் நடத்தியதை எழுதினான், பிழை நடத்தியவளுடையது, தண்டனை அவனுக்குப் போகக்கூடாது. இன்றும் இந்த வாதம் எனக்கு வலுவாகவே படுகிறது. ஆனால் அவன் குறிப்பேட்டை என் முன் விரித்தபோது துறை அறையில் இன்னும் இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்கள் முன் என் வகுப்பின் அம்புக்குறி வெளிப்பட்டுக் கிடப்பதை விரைவில் முடித்துவிட விரும்பினேன் என்பதையும் மறைக்க முடியாது. மூன்றை அப்படியே விட்டிருந்தால், அந்த வாக்கியம் தவறு என்பதாவது அவனுக்கு எஞ்சியிருக்கும். ஆறு என்று மாறியதும் அவன் முகம் தெளிந்தது. "நன்றி மேடம்" என்று சொல்லிவிட்டுக் குறிப்பேட்டை மூடினான். "நேர்ந்தது" என்ற சொல்லின் கீழே நான் போட்ட சிவப்புக் கோடு எதற்காக என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வினாத்தாளில் அந்தக் கேள்வி "இரு போர்களுக்கிடையில் ஜெர்மனியில் யூத வெறுப்பு வளர்ந்ததற்கான காரணங்களை ஆராய்க" என்று இருந்தது. அதை அமைத்தவளும் நானே. நம் மொழியில் "காரணமில்லாமலா அடித்தான்?" என்று கேட்கும்போது நாம் கேட்பது அடித்தவனின் நியாயத்தை; "இடி விழக் காரணம் என்ன?" என்று கேட்கும்போது அப்படி இல்லை. ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது என்பதை எண்ணாமல் எழுதிவிட்டேன். இந்தப் பருவத்தில் கேள்வியை மாற்றினேன்: "யூதர்கள் மீதான வெறுப்பை யார், எப்போது, எந்த நோக்கத்துக்காக வளர்த்தார்கள் என்பதை விளக்குக." வகுப்பையும் வட்டித் தொழிலிலிருந்து தொடங்காமல், 1916இன் கணக்கெடுப்பிலிருந்து தொடங்கினேன். கடைசி வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். "கணக்கோட முடிவு என்ன மேடம்? நிஜமாவே ஒளிஞ்சாங்களா, இல்லையா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொன்னேன். அவள் "இல்லை" என்று எழுதிக்கொண்டாள்.